வலப்பக்கம் திரும்பாத மாப்பிள்ளைக் கார்

வலப்பக்கமே திரும்பாமல் ஒரு காரை எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

யோசித்திருக்க மாட்டீர்கள். மூளை ஒழுங்காக வேலை செய்கிற யாரும் யோசிக்க மாட்டார்கள். நான் யோசித்திருக்கிறேன். மேப் வரைந்து, அம்புக்குறி போட்டு யோசித்திருக்கிறேன். நான் கேம்பஸில் படித்தது புவியியல். அந்தப் பட்டம் எனக்கு இதுவரை உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். அதிலும் கடைசி நூறு அடியில் காலை வாரிவிட்டது.

விசயம் எங்கள் மகேஸ் அக்கா கல்யாணத்தில் நடந்தது. மாப்பிள்ளை யோகராஜ் அத்தான், ஹட்டனில் கணக்கு வாத்தியார். அமைதியான மனுசன். ஆனால் அவருடைய அம்மா இருக்கிறாரே, அவர் வாயைத் திறந்தால் தேயிலை ஃபெக்டரி சங்கு தோற்றுவிடும். அவர்கள் டவுனில் மாடி வீட்டுக்காரர்கள், நாங்கள் தலவாக்கலைக்கு மேலே தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். மகன் பிடிவாதத்துக்காகச் சரி என்று சொல்லியிருந்தாரே தவிர, கல்யாணத்தை நிறுத்த ஒரு சின்ன நொட்டை கிடைக்காதா என்று தாலி கட்டும் நிமிசம் வரை தேடிக்கொண்டேதான் இருந்தார்.

அதனால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள்.

"தினேசு, ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன். நீ ஒதவி எதுவும் செய்ய வேணாம். அவங்கம்மா வாயில விழுற மாதிரி ஒண்ணும் பண்ணாம இருந்தா அதுவே எனக்குச் சீர்வரிசை."

"என்னய என்னான்னு நெனச்ச? படிச்சவன் நான்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

பெண்ணின் தம்பி என்கிற முறையில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஹட்டனில் இருந்து வருகிற மாப்பிள்ளையை பஸார் பிள்ளையார் கோயிலில் வரவேற்று, காரில் ஏற்றி, மேளதாளத்தோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கார், செல்வம் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பஸாரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே ஜப்பான்காரன் செய்துவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. ரெண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி. முந்தி தோட்டத்தை நடத்திய ஒரு தொரை வைத்திருந்தார், அவர் தோட்டத்தை விட்டுப் போகும்போது மாமா வாங்கினார். மாமாவுக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தலைக்குக் குளிப்பாட்டுவது காரை மட்டும்தான்.

கல்யாணச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகும்போது சாவியை என் கையில் வைத்து, சாவியோடு சேர்த்து என் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னார்: "கழுவு. தொடை. பொலிஷ் போடு. வேற எதையும் தொட்டீன்னா ஒன்னய கொழுந்து மாதிரி நசுக்கிக் காயப் போட்ருவேன்."

"சரி மாமா" என்றேன். உண்மையில் அதற்கு முதல் மாதமே நான் ஒன்லைனில் ஹெடர் ஓடர் பண்ணியாகிவிட்டது.

(ஹெடர் என்றால் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என் அம்மா மாதிரி "அத எங்கடா மாட்டுறது, கழுத்திலயா?" என்று கேட்பீர்கள். எஞ்சினுக்குள் எரிந்த புகையை வெளியே கொண்டுபோகிற முதல் குழாய் அது. கம்பெனிக்காரன் போட்டிருப்பது இரும்பில் வார்த்த ஒரு குண்டுக் கட்டி. வெளியில் வாங்கிப் போடுகிற ஹெடர், பளபளவென்று நாலு குழாய் பாம்பு மாதிரி நெளிந்து வந்து ஒன்றாகச் சேரும். அதைப் போட்டால் காருக்குக் குரல் உடையும். அவ்வளவுதான் விசயம்.)

மாமாவின் கார் பார்ப்பதற்குச் சிறுத்தை, சத்தத்தில் தையல் மெசின். அந்தத் தையல் மெசினில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் தோட்டத்து மானம் என்ன ஆகும்? டவுன்காரர்கள் மலைத்துப்போக வேண்டாமா? மாமாவே என்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டாமா? இதெல்லாம் என் கேள்விகள். இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒருத்தன் இருந்தான். ரில்வான். என் கூட்டாளி. அவன் வாப்பா பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை இருந்தது. ரில்வானிடம் ஒரு போன் இருந்தது, அந்தப் போனில் உலகத்திலுள்ள எல்லா மெக்கானிக்குகளும் இருந்தார்கள்.

"மச்சான், வீடியோவுல ஒருத்தன் தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள மாத்துறான்" என்றான் ரில்வான்.

நாங்களும் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். முதல் நட்டு அசைவதற்குள் அதில் எறும்பு செத்து மிதந்தது. பழைய கட்டியைப் பிடித்திருந்த நட்டுகள் துருப்பிடித்து, பெற்ற தாயைப் பிடித்த பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் விட்டோம். சூடு காட்டினோம். கெஞ்சினோம். கடைசியில் ரில்வான் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வீடியோக்காரன் சுத்தியல் எடுத்தானா?"

"அவன் ஊர்ல மழை இல்ல மச்சான், துருப் புடிக்காது. நாம லோக்கல் மெதட்ல போவோம்."

லோக்கல் மெதட் நன்றாகவே வேலை செய்தது. நட்டு கழலவில்லை, கட்டி ரெண்டாகப் பிளந்தது. ஜப்பானில் யாரோ ஒரு கிழவனார் பார்த்துப் பார்த்து வார்த்த இரும்பு, தலவாக்கலையில் என் காலடியில் ரெண்டு துண்டாகக் கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல, எப்பிடியும் தூக்கிப் போடத்தானே போறோம்." திரும்பிப் போகிற பாதையை உடைத்துப்போட்டுவிட்டுப் பரவாயில்லை என்று சொல்வதற்குத்தான் கேம்பஸில் நாலு வருசம் படித்திருக்கிறேன்.

பிறகு ஹெடரைப் பெட்டியில் இருந்து எடுத்தோம். அடடா, என்ன அழகு! ரெண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தோம். காருக்குள் இறக்கினோம். இறங்கவில்லை. திருப்பினோம், சாய்த்தோம், தலைகீழாகப் பிடித்தோம். ஒரு குழாய் மட்டும் போய் எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்தோம். முட்டியது ஸ்டியரிங் தடியில்.

ரில்வான் ரொம்ப நேரம் போனைப் பார்த்தான். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீ ஓடர் பண்ணினது எந்த நாட்டுச் சாமான்?"

"அமெரிக்கா. ஒரிஜினல்."

"அமெரிக்காவுல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். நமக்கு வலப்பக்கம். அமெரிக்காக்காரனுக்கு வலப்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் காலி இடம், அதனால் குழாயை அவன் இஷ்டத்துக்கு வளைத்து விட்டிருக்கிறான். நமக்கு அதே இடத்தில் ஸ்டியரிங் தடி இறங்குகிறது. எந்த நாட்டில் எந்தப் பக்கம் வாகனம் ஓட்டுகிறார்கள் என்பது புவியியலில் முதல் வருசப் பாடம். அதில் எனக்கு ஏ.

மனம் தளரவில்லை. ஹெடரைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் ஒட்டுக் கடைக்குப் போனோம். அங்கே இருந்த அண்ணன் சிங்களவர். வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். ஹெடரை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, அவருக்கு அதைவிடத் தெரியவில்லை. "ஹரி மல்லி, ஹரி ஹரி" என்று, அதாவது சரி தம்பி சரி என்று, சொல்லிக்கொண்டே முட்டுகிற குழாயை அடித்து நசுக்கினார். நசுக்கியதில் ஓட்டை விழுந்தது. ஓட்டை மேல் ஒரு தகடு வைத்து, கேட்டுக்குக் கீல் வைக்கிற மாதிரி மொத்தையாக ஒட்டினார். எங்கள் மேல் உள்ள அன்பில் பக்கத்தில் ஒரு சின்னப் பூ டிசைனும் போட்டுக்கொடுத்தார்.

மாட்டினோம். இப்போது இறங்கியது. ஸ்டாட் செய்தோம்.

ஐயோ! அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. கொட்டகைத் தகரம் ஆடியது. ரில்வானின் வாப்பா கடையில் இருந்து தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து "எங்கடா இடிஞ்சு விழுந்திச்சு?" என்று கேட்டார். நாங்கள் ரெண்டு பேரும் ஆனந்தத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

தோட்டத்து ரோட்டில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். மேட்டில் ஏறும்போது எல்லாம் சொர்க்கம். பள்ளத்தில் இறங்கும்போது காலை எடுத்தேன். பின்னால் குழாயில் "டமார்! டமார்! டமார்!" என்று வெடித்தது. ரில்வான் "ஆஹா, ரேஸ் கார் மச்சான்!" என்று கத்தினான்.

ஒன்று மறந்துவிட்டோம். எங்கள் மலையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருப்பதை யாராவது கண்டால் பட்டாசு வெடிப்பார்கள். பட்டாசுச் சத்தம் கேட்டால் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் தெரிந்த விசயம். பிறந்து வளர்ந்த எனக்கும் தெரிந்திருக்க வேண்டிய விசயம்.

மலை முழுக்க ஒரே சத்தம். "புலி! புலி! மேல ஏறுங்கடி!" பச்சைத் தேயிலைக்குள்ளிருந்து பொம்பளைகள் கொழுந்துக் கூடையோடு நாலா பக்கமும் தெறித்து ஓடிவந்தார்கள். கங்காணி எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார். நான் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டலாம் என்று வலப்பக்கம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

டக்.

பாதித் திருப்பத்தில் ஸ்டியரிங் நின்றுவிட்டது. நல்ல வேளை, நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். கார் வளையாமல் நேராகப் போய், ரோட்டோரத் தேயிலைச் செடியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. எதிரில் கொழுந்துக் கூடையோடு மூச்சிரைக்க ஏறி வந்தவரைப் பார்த்தேன். என்னைப் பெற்ற தாய்.

அம்மா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கத்தினார்: "நில்லுங்கடி, புலி இல்ல! எம் மகன்தான்!"

"அது புலிய விட மோசமில்லையா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். மலையே சிரித்தது.

பொனட்டைத் திறந்து பார்த்தோம். ஸ்டியரிங் தடியின் மூட்டில் ஒரு போல்ட் இருக்கிறது. தடி வலப்பக்கம் சுற்றும்போது அதன் தலை, ஒட்டுக்கார அண்ணன் வைத்த மொத்தையில், சரியாக அந்தப் பூ டிசைனில், போய் முட்டுகிறது. இடப்பக்கம் முட்டாது, தாராளமாகத் திரும்பும். வலப்பக்கம் லேசான வளைவு என்றால் சமாளிக்கும். ஒரு முழு முடக்குத் திருப்பம் என்றால் முடியவே முடியாது. ஹெடரைக் கழற்றலாம் என்றால் திரும்பப் போட வேண்டிய பழைய கட்டி ரெண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒட்டுக்கடைக்குப் போனால் கதவில் பூட்டு. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டே நாள். வேறு கார் பிடிக்கலாம் என்றால், "செவப்பு ஸ்போர்ட்ஸ் கார்ல வர்றீங்க" என்று சம்பந்தி அம்மாவிடம் எங்கள் அப்பாவே பெருமையடித்து வைத்திருந்தார். கார் மாறினால் அதுவே அவருக்கு நொட்டை.

இந்த இடத்தில் நல்ல புத்தி உள்ளவன் என்ன செய்வான்? மாமாவுக்குப் போன் பண்ணி அழுவான். நான் மேப் வரைந்தேன்.

நம்புங்கள், அருமையான மேப். பிள்ளையார் கோயிலில் இருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் முடக்கு முடக்காகக் குறித்தேன். பெரும்பாலும் இடப்பக்க வளைவுதான். ஒரே ஒரு இடத்தில், ஃபெக்டரி முன்னால், கட்டாயம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். வலப்பக்கம் கால் வட்டம் திரும்புவதும், இடப்பக்கம் முக்கால் வட்டம் சுற்றி வருவதும் ஒன்றுதானே! ஃபெக்டரி முற்றத்துக்குள் நுழைந்து இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தால் முடிந்தது.

"நீ ஜீனியஸ் மச்சான்" என்றான் ரில்வான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கல்யாணக் காலையில் மாமா கொழும்பிலிருந்து நேராகப் பஸாருக்கு வந்து இறங்கினார். காரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டார். பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்றுகொண்டிருந்தவர் முகம், கார் வளைவில் வரும்போது வெற்றிலை மாதிரி வதங்கியது. கிட்டே வந்தார். சம்பந்திகள் பார்க்கிறார்கள் என்று எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டே என் காதில் சொன்னார்: "கல்யாணம் முடியட்டும், மருமகனே."

மாமா என்னை மருமகனே என்று கூப்பிட்டால் அது கொலை மிரட்டல்.

யோகராஜ் அத்தான் தலைப்பாகையும் மாலையுமாக முன் சீட்டில் ஏறினார். தவில், நாதஸ்வரம், தப்பு எல்லாம் முன்னால் போக, கார் நடை வேகத்தில் பின்னால் போனது. நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதினார், கார் சத்தத்தில் ஒரு சுரமும் கேட்கவில்லை. பாதி வழியில் அவர் வாசிப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஃபெக்டரி முற்றத்துக்குள் நான் நுழைந்ததும் முன்னால் போன மேளக் கோஷ்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் வலப்பக்கம் போய்விட்டார்கள், நான் இடப்பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றி, வாட்ச்மேனுக்குக் கை காட்டிவிட்டு, திரும்பவும் அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பின்னால் வந்த வான் வண்டியில் இருந்து தலையை நீட்டி, "அங்க எதுக்குப் போனாங்க?" என்று கேட்டார். "ஃபெக்டரிக்கு மரியாதைங்க. எங்க தோட்டத்து வழக்கம்" என்றான் பக்கத்தில் நடந்து வந்த ரில்வான், கொஞ்சமும் யோசிக்காமல்.

அத்தான் என்னைப் பார்த்தார்.

"இருநூத்தி எழுவது பாகை" என்றார்.

"என்னாங்க அத்தான்?"

"தொண்ணூறு பாகை வலது திரும்ப வேண்டிய எடத்துல இருநூத்தி எழுவது பாகை இடது சுத்துனீங்க. மச்சான், இந்தக் கார் வலது பக்கம் திரும்பாதா?"

"திரும்பும் அத்தான். ஆனா விரும்பாது."

அத்தான் சிரிக்கவில்லை. கோயில் கோபுரம் தெரிந்ததும் ரொம்ப மெதுவாக, வகுப்பில் மக்குப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டார்: "அப்ப கோயில வலம் வர்றதுக்கு என்னா ஏற்பாடு?"

என் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது.

எங்கள் தோட்டத்தில் மாப்பிள்ளைக் கார் கோயிலை ஒரு சுற்று வலம் வந்துதான் வாசலில் நிற்கும். சாமி வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ரோடு கோயில் முகப்பை ஒட்டியே வருவதால் முதல் முடக்கே வலது. ரெண்டாவது வலது. மூன்றாவது வலது. நாலாவதும் வலதுதான். ஒவ்வொரு மூலையிலும் முக்கால் வட்டம் போடலாம் என்றால், கோயிலைச் சுற்றி இருப்பது தேர் போகிற அகலம் மட்டுமே. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். மூன்று மைல் ரோட்டை முடக்கு முடக்காக ஆராய்ந்த புவியியல் பட்டதாரி, சாமியைச் சுற்றி இருக்கிற நாலு முடக்கை மறந்துவிட்டான்.

வாசலில் கோயில் தலைவர் வாயில் விசிலோடு நின்றார். "வலது! வலது! அப்பிடியே வலது!" என்று கையை ஆட்டினார். திருப்பினேன். டக். பின்னுக்கு எடுத்து இன்னொரு தரம். டக்.

"என்னா தம்பி, வளைங்க!"

வாசல் முற்றத்தில் இடப்பக்கமாக வளைத்து, வந்த திசைக்கே திரும்பி, கோயிலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றக் கிளம்பினேன்.

சத்தமாகப் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. இந்த நாட்டில் பெரிய சத்தம் போட்டுக்கொண்டு தப்பான பக்கம் போகிறவர்களை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் நான் பார்த்துப் படித்த பாடம். ஆனால் கோயிலில் அது செல்லவில்லை. இடப்பக்கமாகச் சுற்றுவது எங்களூரில் ஒரே ஒரு சடங்கில்தான். அதில் நடுவில் இருப்பவர் படுத்திருப்பார்.

முதலில் மேளம் நின்றது. பிறகு பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். தப்படிக்கிறவர்களில் ஒருவருக்குப் பழக்க தோசத்தில் கை தானாகவே சாவு அடிக்கு மாறிவிட்டது; பக்கத்தில் இருந்தவர் தலையில் ஒன்று போட்டு நிறுத்தினார். அதற்குள் சம்பந்தி அம்மா வான் வண்டியில் இருந்து இறங்கிவிட்டார்.

"எம் புள்ளைய உசுரோட எடம் சுத்த வைக்கிறாங்களே! பாத்தீங்களா இந்த அநியாயத்த! இதுக்குத்தான் நான் வேணாம் வேணாம்னு அடிச்சிக்கிட்டேன்! காரத் திருப்புங்க, ஹட்டனுக்குப் போவோம்!"

கிடைத்துவிட்டது அவருக்கு. நொட்டை இல்லை, முழு உடைசல்.

நான் கோயிலின் பின்பக்கம் வந்து நின்றிருந்தேன். முன்னே போனால் சாவு, பின்னே போனால் சம்பந்தி. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காரைத் தூக்கித் திருப்பி வைக்கலாம் என்றார் ஒருவர். திருப்பி வைத்தாலும் திரும்பாதே என்றான் ரில்வான். மாப்பிள்ளை இறங்கி நடந்து வலம் வரட்டும் என்றார் அப்பா. "கால் கழுவுறதுக்கு முந்தி எம் புள்ள மண்ண மிதிக்கிறதா?" என்று சம்பந்தி அம்மா அதற்கும் ஒரு குரல் கொடுத்தார். தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "கமிட்டியக் கூட்டிப் பேசித்தான் முடிவு எடுக்கணும்" என்றார். கமிட்டி கூடினால் கலைவதற்குள் நல்ல நேரம் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமா மட்டும் பொனட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போது கோயில் பின்பக்க அறையின் ஜன்னல் படாரென்று திறந்தது. முழு அலங்காரத்தோடு அக்காவின் தலை. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் தொங்கியது.

"டேய் தினேசு! என்னாடா பண்ணித் தொலச்ச?"

"அக்கா... வலப்பக்கம் திரும்பாதுக்கா."

"எப்ப இருந்து?"

"முந்தாநேத்து இருந்து."

அக்கா கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது அதில் தண்ணீர் இருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அது மட்டும் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வராத இடம்.

"பின்னுக்குப் போகுமா?" என்றாள்.

"அது நல்லாப் போகும்."

"அப்பிடின்னா வந்த வழியிலயே பின்னால போ. வாசல் வரைக்கும் போயி, நிறுத்தாம அப்பிடியே பின்னாலயே முழுசா ஒரு சுத்து வா. நீ இடப்பக்கந்தான் திருப்புவ. ஆனா கார் வலம் வரும். போ!"

நான் விழித்தேன். பக்கத்தில் அத்தான் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், திருப்பி ஒரு தரம் போட்டார். "சரிதான்" என்றார். அந்த நிமிசம் ஜன்னலைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே தாலி கட்டியிருக்கலாம்.

"சாமி கை மாறிப் போகுமே?" என்றார் தலைவர். பின்னுக்குப் போனால் மாப்பிள்ளைக்குச் சாமி இடது கைப்பக்கம்தானே இருக்கும்! எல்லாரும் குருக்களைப் பார்த்தார்கள். குருக்களுக்கு அன்றைக்கு அக்கரப்பத்தனையில் இன்னொரு கல்யாணம் இருந்தது. அதனால் தீர்ப்பு சட்டென்று வந்தது.

"மாப்பிள்ளை பின்னால பாத்து நிக்கட்டும். அப்ப சாமி வலது கைக்கு வந்துரும். சீக்கிரம், சீக்கிரம்!"

கூரைக் கண்ணாடியைத் திறந்தோம். அத்தான் சீட்டின் மேல் ஏறி, பின்பக்கம் திரும்பி, இடுப்புக்கு மேலே வெளியே தெரிய, கை கூப்பிக்கொண்டு நின்றார். உற்சவமூர்த்தி தோற்றார். நான் ரிவர்ஸ் போட்டேன். அத்தானின் வேட்டி கண்ணாடியை மறைத்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரில்வான் பின்னால் நடந்துகொண்டு, லொறிக்கு வழி காட்டுகிற மாதிரி, "வா வா வா... ஒடி... இன்னும் ஒடி... வா வா!" என்று கத்தினான். மேளம் திரும்பவும் ஆரம்பித்தது. மேளக்காரர்களும் எதற்கு வம்பு என்று பின்னாலேயே நடந்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் குழாய் டமார் என்று வெடித்தது. குருக்கள் ஒவ்வொரு வெடிக்கும் பூப் போட்டார்.

கார் வாசலில் வந்து நின்றபோது நான் நனைந்திருந்தேன். அத்தான் இறங்கினார். நான் குனிந்து அவர் காலைக் கழுவினேன். வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் தம்பிக்கு மோதிரம் போட வேண்டும். போட்டுவிட்டு அத்தான் என் காதில் சொன்னார்: "கைய மட்டும் எந்த ஸ்பானர்லயும் வைக்காதீங்க மச்சான்."

தாலி கட்டியாகிவிட்டது. சம்பந்தி அம்மா அழுதார், என்ன காரணத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் மாமா மருமகனைத் தேடினார். மருமகன் பூண்டுலோயாவில் ஒரு கூட்டாளி வீட்டில் இருந்தான்.

நான் திரும்பி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. யாரோ எடுத்த வீடியோ மலை முழுக்கச் சுற்றியிருந்தது. அதோடு, கல்யாணமான சூட்டோடு அத்தானுக்குத் தலவாக்கலைக்கே இடமாற்றம் கிடைத்தது. பிறகு அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். சம்பந்தி அம்மா தன் வாயாலேயே ஊர் முழுக்கச் சொன்னார்: "எல்லாம் அந்த ரிவர்ஸ் வலத்தோட ராசி." அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ரிவர்ஸ்தான் வேண்டும் என்றார்கள். அதற்கடுத்ததில் கார் கிடைக்காமல் ஆட்டோவில் ரிவர்ஸ் வந்தார்கள். மாப்பிள்ளை சீட்டில் முட்டி போட்டுப் பின்னால் பார்த்தபடி வந்தார். போன மாதம் கோயில் தலைவர் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில்தான் நின்றேன்: "இது நம்ம முன்னோர் காலத்து முறைங்க. அந்தக் காலத்துல மாட்டு வண்டியவே பின்னாலதான் ஓட்டிட்டு வந்தாங்க."

நல்ல பழைய கட்டி ஒன்று கண்டியில் கிடைத்தது. வாங்கிக்கொண்டு போய் மாமாவிடம் நீட்டினேன், கழற்றி மாட்டித் தருகிறேன் என்றேன். மாமா அதை வாங்கிக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்கத் தொட்டீன்னா பாரு. தை மாசம் முழுக்க புக்கிங்."

எங்கள் வீட்டில் இப்போது யார் எந்தத் தப்புப் பண்ணினாலும், சோறு குழைந்தாலும், பஸ்ஸை விட்டாலும், அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பின்னாலயே வா, சரியாப் போயிரும்."

இதை நான் டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது கீழே மாமா ஹோர்ன் அடிக்கிறார். மேல் டிவிசனில் இன்றைக்கு ஒரு கல்யாணம், ஓட்டப் போவது நான். கார் இன்னும் வலப்பக்கம் திரும்பாது.